கருவாட்டு உபவாசமும் கர்த்தர் காட்டிய குழாயும்

சபையாருக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூரண சுகம் பெற்றுவிட்டேன் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. பூரண சுகம் பெறாதவளுக்கு, ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கடைசிவரை படியுங்கள், அப்புறம் கோபப்படுங்கள்.

என் பெயர் ஜெயமணி. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் தங்கராஜ் ரயில்வே ஆபீசில் கிளார்க். சிட்லபாக்கத்தில் ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. நான் பிறந்தது கேளம்பாக்கம். அப்பா அங்கே உப்பளத்தில் மேஸ்திரி. எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்குப் பஞ்சம் வந்ததில்லை. உப்பும் கோவளத்துக் கருவாடும் இருந்தால் போதும், எங்களுக்கு அது விருந்து.

அப்பா வயிற்று நோயில்தான் போனார். கடைசியில் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. அப்போது நான் சின்னப் பெண். பிறகு 1969-ல் என் அண்ணன் சாமுவேல். அதே வயிறு, அதே நோய். நாற்பத்தேழு வயதுதான். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

அடக்கம் முடிந்து கேளம்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் சித்தி மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அப்பனுக்கு வந்துச்சு, புள்ளைக்கு வந்துச்சு. அடுத்தது யாருக்கோ." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த நான் அழுகையை நிறுத்தினேன். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! துக்க வீடு என்பதால் சும்மா இருந்தேன். மனதுக்குள் மட்டும், "அடுத்தது நான் இல்லை, போ" என்று சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்டேனே தவிர, 1971 வாக்கில் என் வயிறு வேறு கதை பேச ஆரம்பித்தது.

இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். நெஞ்சுக்குக் கீழே எரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். போர்டில் எழுதும்போது கை கனக்கும். சோடா மாவைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வேன். பீரியடுக்கு நடுவே ஒரு சிட்டிகை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். ஆம், எனக்குப் பயம்தான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த எரிச்சலுக்கு மரியாதை இருந்தது. அது சேலையூரில் மரகதம் அக்கா வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் நடந்த உபவாச ஜெபம். அக்காவின் கணவர் ரயிலில் கார்டு வேலை பார்த்தவர். அக்காவுக்குத் தங்கமான மனசு. எனக்கு டைபாய்டு வந்தபோது எங்கள் வீட்டுக்கு மூன்று வேளையும் சோறு சுமந்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை. இனி நான் எழுதப்போவதைப் படிக்கிறவர்களும் மறக்க வேண்டாம்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்போம். பிற்பகலில் முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது எனக்கு வயிறு பற்றி எரியும். ஒரு நாள் தாங்க முடியாமல் அக்காவிடம் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத ஜெயமணி. அது வியாதி இல்ல. ஜெபபாரம். ஆத்துமாக்களுக்காக உள்ளுக்குள்ள எரியுது. எனக்கும்தான் எரியுது. இது எல்லாருக்கும் குடுக்கற வரமா இன்னா?"

எனக்கு எவ்வளவு ஆறுதல்! வியாதி என்று நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு, அது வரம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து எரிந்தால் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். எரியாத வெள்ளிக்கிழமைகளில் எனக்கு என்ன குறைவு என்று யோசித்தேன்.

இதில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் தனிக் கதை. அந்த நாற்பது நாளும் எங்கள் குழுவில் யாரும் கறி தொடமாட்டோம். கறி கூடாது, பச்சை மீனும் கூடாது. ஆனால் கருவாடு? கருவாடு கறியில் சேராது என்பது எங்கள் முடிவு. அது காய்ந்தது, ஏழை சாப்பாடு, நாக்குக்குச் சுகம் தராதது என்று எங்களுக்குள்ளே ஒரு நியாயம். எனவே சூரியன் சாய்ந்ததும் உபவாசத்தை முடித்து, ஒரு சட்டி கஞ்சி, தணலில் போட்டுச் சுட்ட கருவாடு, உப்பில் ஊறின நார்த்தங்காய். நாற்பது நாளும் இதுதான். கருவாடு கேளம்பாக்கத்திலிருந்து என் அம்மா அனுப்புவது. குழு முழுவதற்கும் நான்தான் சப்ளை. உடம்பை ஒடுக்குகிறோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

1973-ம் ஆண்டு லெந்தில் ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம் வரைந்துவிட்டேன். மூன்றாவது பக்கத்துக்குக் கை போகவில்லை. கண்ணை விழித்தபோது ஆசிரியர் அறை பெஞ்சில் கிடக்கிறேன். என் கணவர் அழைத்துவரப்பட்டு என் தலைமாட்டில் நிற்கிறார். அவர் அதிகம் பேசாதவர். அன்று, "ஜெயா, இனிமே நான் சொல்றதத்தான் கேக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். இரத்தம் குறைவு என்றார் அவர். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்து வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். "கட்டி ஒண்ணும் தெரியல. கேஸ் டிரபிள்தான்" என்று டானிக் எழுதிக்கொடுத்தார்.

அந்தச் செய்தி சேலையூருக்குப் போய்ச் சேர்ந்தவுடனே கொண்டாட்டம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் மரகதம் அக்கா என்னை எழுப்பி நிறுத்தினார். "தகப்பனையும் தமையனையும் கொண்டுபோன வியாதி இந்தச் சகோதரியத் தொட முடியல. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்ல!" என்றார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. நானும் சொன்னேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சபையில் ஒன்று நடக்கிறது, என் தட்டில் வேறொன்று நடக்கிறது. இதில் எது உண்மை?

மறுநாள் காலை சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஏரிக்கரையில் நின்றுவிட்டேன். முழங்காலில் நிற்கவில்லை. கண்ணை மூடவில்லை. வாய்விட்டே பேசினேன்.

"ஆண்டவரே, என் அப்பாவுக்கு மறைச்சீர். அண்ணனுக்கு மறைச்சீர். திறந்து பாத்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. எனக்கு மறைக்கக் கூடாது. நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் காட்டும். சுகம் குடுக்கறதும் குடுக்காததும் உம்ம இஷ்டம். ஆனா மூடி மட்டும் வைக்காதேயும். நான் விடமாட்டேன்."

கரையோரம் எருமை கழுவிக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். என் வாழ்நாளில் அவ்வளவு மரியாதையில்லாமல் நான் ஜெபித்ததில்லை. அவ்வளவு உண்மையாகவும் ஜெபித்ததில்லை.

பதில் எப்படி வந்தது தெரியுமா? சண்டை போட வந்தது.

முழுப் பரீட்சை மார்க் கொடுத்த வாரம் ஒரு பெண்ணின் தாயார் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். நெற்றியில் திருநீறு, கையில் விடைத்தாள், கண்ணில் அனல். பெயர் வசந்தா. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்று மகள் சொல்லியிருந்தாள்.

"டீச்சர், என் பொண்ணுக்கு முப்பத்தெட்டு மார்க்கா? ஸ்டெப்ஸ் எல்லாம் கரெக்டா போட்டிருக்காளே!"

"ஸ்டெப் கரெக்டுதாம்மா. எடுத்துக்கிட்ட எண்ணே தப்பு. தப்பான எண்ணை வச்சிக்கிட்டு எவ்வளவு அழகா கணக்கு போட்டாலும் விடை தப்பாத்தான் வரும்."

"அதுக்காக முழுசா வெட்டிடுவீங்களா?"

நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. நடுவில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் சொல்வது வயிற்று எரிச்சல். பேச்சை நிறுத்தாமலே கைப்பையைத் திறந்து சோடா மாவை வாயில் போட்டேன். அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். குரலே மாறிப்போனது.

"இது எவ்வளவு நாளா சாப்பிடறீங்க?"

"ரெண்டு வருஷமா. எதுக்கு?"

"நாக்க நீட்டுங்க."

"என்னது?"

"நாக்க நீட்டுங்க டீச்சர்."

மார்க் கேட்க வந்தவருக்கு முன்னால், மற்ற டீச்சர்கள் பார்க்க, நான் நாக்கை நீட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் என்னைத் திருப்பிப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கு வழவழவென்று இருக்கிறது, உடம்பில் இரத்தமே இல்லை என்றார். வீட்டில் யாருக்காவது வயிற்றுக் கோளாறு உண்டா என்று கேட்டார். அப்பாவைச் சொன்னேன். அண்ணனைச் சொன்னேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னேன்.

"எக்ஸ்ரேல பெரிய கட்டிதான் தெரியும். உள்தோல் எப்படி இருக்குன்னு அதுல தெரியாது. எங்ககிட்ட இப்ப புதுசா ஒரு குழாய் வந்திருக்கு. வாய் வழியா உள்ள விட்டு நேராவே பாக்கலாம். செவ்வாய்க்கிழமை வாங்க. ஒண்ணும் சாப்பிடாம வரணும்."

போகும்போது வாசலில் திரும்பி நின்று, "மார்க் விஷயம் தனி. அத நான் விடல" என்றார். அந்த அம்மாவை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

என் ஜெபத்துக்குப் பதிலாகத் திருநீறு பூசின ஒரு டாக்டரம்மா எப்படி வரலாம் என்று பின்னால் ஒருவர் என்னிடம் கேட்டார். யாரை அனுப்புவது என்று ஆண்டவர் உங்களைக் கேட்டுவிட்டா அனுப்ப வேண்டும்?

குழாய்ப் பரிசோதனை சுகமான அனுபவம் என்று பொய் சொல்ல மாட்டேன். தொண்டை மரத்துப்போக ஒரு கசப்பு மருந்தைக் கொடுத்தார்கள். இடது பக்கமாகப் படுக்கவைத்து, கை விரல் பருமனுக்குக் கறுப்பான ஒரு குழாயை விழுங்கச் சொன்னார்கள். கண்ணில் நீர் கொட்டியது. இயேசுவே என்று கூப்பிடக்கூட வாய் காலியாக இல்லை. மனதுக்குள்ளேயே கூப்பிட்டேன். அந்த நேரத்தில் என் அண்ணனை நினைத்தேன். அவனுக்குக் கத்தியால் திறந்து பார்த்தார்கள், எனக்குக் கத்தியில்லாமல் பார்க்கிறார்கள். உள்ளேயிருந்து அரிசிக் குருணை மாதிரி நாலைந்து துணுக்குகளைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று என் கணவரும் கூட வந்தார். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"கேன்சர் இல்ல."

என் கணவர் மூச்சு விட்டார்.

"ஆனா நல்ல வயிறும் இல்ல. வயித்தோட உள்தோல் தேஞ்சு மெலிஞ்சு போயிருக்கு. சில இடத்துல குடலோட தோல் மாதிரி மாறியே போச்சு. இப்படி மாறின தோல்லதான் கொஞ்சம் பேருக்குப் பின்னால கேன்சர் வருது. எல்லாருக்கும் வராது. ஆனா உங்க வீட்டுக் கதைய வச்சுப் பாத்தா, நான் உங்கள சும்மா விடமாட்டேன்."

பிறகு கேள்வி மேல் கேள்வி. புகையிலை உண்டா? எனக்கு இல்லை, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எந்நேரமும் வாயில் இருக்கும். பழம், கீரை சாப்பிடுவீர்களா? எப்போதாவது. ஊறுகாய்? தினமும். கருவாடு? அப்போதுதான் லெந்து உபவாசத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். காலையிலிருந்து வெறும் வயிறு, மாலையில் சுட்ட கருவாடும் உப்பு நார்த்தங்காயும், நாற்பது நாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"விரதம்னு பேர் வச்சு, வயித்த உப்புக்கண்டம் போட்டிருக்கீங்க டீச்சர்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. "அப்போ கருவாட்டாலதான் இப்படி ஆச்சா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ண மட்டும் கை காட்ட முடியாது. முழுக் காரணம் எங்களுக்கே இன்னும் தெரியாது. அப்பா, அண்ணன்னு ரத்தத்துல வர்றது ஒண்ணு. அது உங்க கையில இல்ல. வயசு உங்க கையில இல்ல. ஆனா உப்பு, கருவாடு, ஊறுகாய், தணல்ல சுட்டது, புகையிலை, பழமே தொடாம இருக்கறது, இதெல்லாம் சேரச் சேர ஆபத்து ஜாஸ்தி. இது உங்க கையில இருக்கு. கையில இருக்கறத விட்டுட்டு, இல்லாததுக்கு ஏன் அழறீங்க?"

"பழையபடி ஆயிடுமா?"

"ஆகும்னு சொல்ல மாட்டேன். மேல போகாம பாத்துக்கலாம். ரத்தத்துக்கு மாசா மாசம் ஊசி. வருஷா வருஷம் குழாய். ஏதாவது மாறினா ஆரம்பத்துலயே பிடிச்சிடலாம்."

வெளியே வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று அழுதேன். என் கணவர் பயந்துவிட்டார். "கேன்சர் இல்லன்னுட்டாங்களே, ஏன் அழற?" என்றார். "காட்டிட்டாருங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஏரிக்கரையில் நான் கேட்டது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தானே தெரியும். சுகத்தை நான் கேட்கவில்லை. காட்டும் என்றுதான் கேட்டேன். கேட்டது கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைக்காதது, அண்ணனுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சேலையூருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கேன்சர் இல்லை என்ற வார்த்தையோடு மரகதம் அக்கா நிறுத்திக்கொண்டார்.

"அதான் இல்லன்னு வந்துருச்சே! அப்புறம் இன்னா? சுகம்தான். ஞாயித்துக்கெழம அத சொல்லு."

"இல்லன்னு வரல அக்கா. இன்னும் வரலன்னு வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. சபை முன்னாடி நின்னு சுகமாயிட்டான்னு ஸ்தோத்திரம் பண்ணியாச்சு. இப்ப போயி வருஷா வருஷம் குழாய் வுட்டுப் பாக்கறேன்னா, ஆண்டவர் மேல சந்தேகம்னு அர்த்தம். உன் வாயால வியாதியக் கூப்புடாத."

"அக்கா, நான் கூப்பிடல. அது ஏற்கெனவே வீட்டுக்குள்ள உக்காந்திருக்கு. விளக்கப் போட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்."

அந்த ஞாயிறு போதகரிடம் அனுமதி கேட்டு நானே எழுந்து நின்றேன். போன தடவை என்னைப் பற்றிச் சொன்னது சரியில்லை என்றேன். வயிறு கெட்டிருக்கிறது, எதனால் கெட்டிருக்கலாம், இனி என்ன செய்யப்போகிறேன் எல்லாம் சொன்னேன். கருவாட்டையும் சொன்னேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். முடித்தபோது ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. வெளியே வரும்போது ஒரு பெரியவர், "சபையில இதெல்லாம் பேசற விஷயமாம்மா?" என்றார். "வயித்தோடதானே அய்யா எல்லாரும் சபைக்கு வர்றோம்?" என்றேன். அவர் போய்விட்டார்.

இனி ஜெபக் குழுவுக்கு வரமாட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஏன் வரக்கூடாது? அடுத்த வெள்ளியும் போனேன். நேரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. எனவே டிபன் பாக்ஸோடு போனேன். எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது மூலையில் உட்கார்ந்து தயிர்ச் சோறும் கீரையும் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நானும் முழங்கால் போட்டேன். உபவாசக் கூட்டத்தில் கீரை வாசம்! சிலர் முகத்தைச் சுளித்தார்கள். மரகதம் அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை. ஆனால் வெளியே போ என்றும் அவர் சொல்லவில்லை. 1974 லெந்து முழுவதும் இப்படித்தான் நடந்தது. பசியோடு ஜெபித்தபோதும் ஆண்டவர் கேட்டார், சாப்பிட்டுவிட்டு ஜெபித்தபோதும் கேட்டார். அவருக்கு இதில் வித்தியாசம் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேளம்பாக்கத்திலிருந்து கருவாடு வருவதை நிறுத்தினேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீட்டில் நார்த்தங்காய் ஜாடி காலியானது. கொய்யாவும் பப்பாளியும் வந்தன. மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சருக்குக் குரல் கூடிவிட்டது என்று பயந்தார்கள். வருஷம் ஒரு முறை குழாயை விழுங்கினேன். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா அதையேதான் சொல்வார்: "அப்படியே இருக்கு டீச்சர்." அந்த வார்த்தையைக் கேட்டு வீடு திரும்பும்போதெல்லாம் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாம்பரம் வரை ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வருவேன்.

1977-ல் டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.

"ஒரு இடம் எனக்குப் பிடிக்கல" என்றார். மறுபடி கிள்ளி எடுத்தார்கள். முடிவில் அந்தப் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர்.

"மேலாக்கதான் இருக்கு. ஆழமா போகல. இப்பவே ஆபரேஷன் பண்ணிட்டா எடுத்துடலாம்" என்றார். பொட்டு அளவுதான் என்று விரல் நுனியைக் காட்டினார்.

அன்று இரண்டாம் முறையாக நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். எல்லாவற்றையும் விட்டேனே, கருவாட்டை விட்டேன், ஊறுகாயை விட்டேன், பெயரையும் கெடுத்துக்கொண்டேன், அப்படியிருந்தும் ஏன் வந்தது? பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்ததாக எழுதினால் இது சாட்சி ஆகாது. ஆனால் ஒன்று மட்டும் கணக்குப் போலத் தெளிவாகத் தெரிந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் சுகமாகிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இந்தப் பொட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அது வளர்ந்து, என் அண்ணனைப் போல என்னையும் திறந்து பார்த்து மூடித் தைத்திருப்பார்கள்.

என்னைத் திறந்தார்கள். எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுத்தான் மூடினார்கள். வயிற்றில் பாதிக்கு மேல் போய்விட்டது. வயிறு பாதி ஆனாலும் வாய் முழுசாக இருக்கிறது என்று என் கணவர் சொல்லிச் சிரித்தார். அவர் பகடி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷனுக்குப் பிறகு பார்வையாளர் நேரத்தில் ஒரு நாள் மரகதம் அக்கா வார்டுக்கு வந்தார். சேலையூரிலிருந்து தனியாக ரயிலேறி வந்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவரும் தலையைக் குனியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். எப்போதும் ஓங்கி ஜெபிக்கிறவர், அன்று எனக்கு மட்டும் கேட்கும்படி ஜெபித்தார். முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"ஜெயமணி."

"சொல்லுங்க அக்கா."

"எனக்கும் எரியுதுடி. ரொம்ப நாளா. ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது." "நான்தான வரம்னு சொன்னேன்? இப்ப எனக்கே பயமா கீது. இத நான் யாராண்ட போயி சொல்லுவேன்?"

அத்தனை வருஷம் எனக்கு அக்காவின் மேல் இருந்த கோபம் அந்த ஸ்டூல் பக்கத்திலேயே இறங்கிவிட்டது. நான் அவரை ஜெயிக்க நினைத்தேன் என்பது உண்மை. ஜெயித்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜெபபாரம் என்று சொல்லி அவர் என் கையைப் பிடித்தாரே, அந்தக் கைதான். சில்லென்று இருந்தது.

"என்கிட்டதான் சொல்லிட்டீங்களே. நான் எழுந்து நடக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். தையல் பிரித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. என் கணவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. குழாய் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்காக ஜெபித்தேன். ஏரிக்கரையில் ஜெபித்த என் பழைய ஜெபத்தையே ஜெபித்தேன். அக்காவின் வயிற்றுத் தோலும் தேய்ந்திருந்தது. என்னுடையதைப் போல அவ்வளவு மாறவில்லை. உப்பைக் குறையுங்கள், வருஷம் தவறாமல் வாருங்கள் என்று டாக்டரம்மா அவரிடமும் அதே கண்டிப்போடு சொன்னார். வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்து, "அந்தக் கொழாய் இவ்ளோ தடிமன்னு நீ சபைல சொல்லவே இல்லியே" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குச் சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கும், அன்று அதற்கும் சேர்த்துச் சிரித்தேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது 1979. மிச்சமிருக்கும் பாதி வயிற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. அண்ணன் போன வயதைத் தாண்டிவிட்டேன். தாண்டின அன்று தனியாக உட்கார்ந்து அழுதேன், பிறகு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், பிறகு பள்ளிக்கூடம் போனேன். இப்போது எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பலவீனமானவர்கள் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். லெந்து கருவாடு அக்கா வீட்டில் நின்றுபோனது.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது நெஞ்சுக்குக் கீழே வெகு நாளாக எரிகிறதா? இரண்டு வாயில் வயிறு நிறைகிறதா? வீட்டில் யாரையாவது இந்த நோய்க்குக் கொடுத்துவிட்டு, பயத்தில் வெளியே சொல்லாமல் இருக்கிறீர்களா? முதலில் ஜெபியுங்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆண்டவரை நம்புங்கள், அவர் உங்கள் வயிற்றைப் பார்த்துப் பயப்படுகிறவர் அல்ல. நீங்களும் பயப்படாதீர்கள். யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும், என்னிடம் வந்து சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் லீவு போட்டுவிட்டு நானே கூட வருகிறேன், மரகதம் அக்காவும் வருவார். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் காலையில் நிற்போம். பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும். அந்த ஒரு உபவாசத்துக்கு மட்டும் நாங்கள் இரண்டு பேரும் உங்களுக்குத் துணை.